விமானிக்கு விலை உயர்ந்த வாட்ச் வேண்டுமா?

வாசகர் கேள்வி பதில். இந்த முறை விமானிகளின் கைக்கடிகாரம் பற்றி வந்த கேள்விகள் மட்டும்.

கேள்வி: விளம்பரத்தில் விமானி வந்தாலே மணிக்கட்டில் தட்டு மாதிரி ஒரு வாட்ச் மின்னுகிறது. விமானம் ஓட்ட அப்படி ஒன்று நிஜமாகவே வேண்டுமா?

பதில்: வேண்டாம். பறக்கும்போது விமானிக்குத் தேவைப்படுவது யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம், அதுவும் நொடி வரை. கூடவே ஒரு ஸ்டாப்வாட்ச். இரண்டையும் இருட்டிலும் குலுக்கலிலும் ஒரே பார்வையில் படிக்க முடிய வேண்டும். அவ்வளவுதான்.

பெரிய பயணிகள் விமானத்தில் இந்த வேலையைக் கருவிப் பலகையில் இருக்கும் கடிகாரமே செய்துவிடும். ஏர்பஸ் ஏ320-இல் நடுப் பலகையில் உள்ள கடிகாரம் ஜிபிஎஸ்ஸிலிருந்து யூடிசி எடுத்துக்கொள்கிறது. இரு விமானிகளின் கண்ணெதிரே உள்ள பொத்தானைத் தட்டினால் அவரவர் திரையிலேயே ஸ்டாப்வாட்ச் ஓடும். போயிங் 737-இல் ஆளுக்கொரு கடிகாரம். அங்கே கையில் கட்டியிருப்பது மூன்றாவது, நான்காவது சாட்சி.

கைக்கடிகாரத்துக்கு நிஜமான வேலை இருப்பது சின்னப் பயிற்சி விமானங்களில். அவற்றில் இருப்பது ஒரே கடிகாரம். அது ஓடாமல் கிடப்பதும் ஊரறிந்த விஷயம். ஆனால் அந்த இடத்தை நிரப்ப 21 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் கேஸியோ எஃப்-91டபிள்யூ போதும். 1989-இலிருந்து விற்கும் மாடல். மாதத்துக்கு 30 நொடிக்குள்தான் பிசகும்.

கேள்வி: கடிகாரம் இல்லாமல் பறக்கக் கூடாது என்று சட்டம் உண்டாமே? கைக்கடிகாரம் கட்டியிருந்தால் போதுமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6-ஆம் இணைப்பு கேட்பது, மணி, நிமிடம், நொடி மூன்றையும் காட்டும் துல்லியமான ஒரு கடிகாரம். ஐரோப்பிய விதிகளில், வணிக நோக்கமில்லாத சிறு விமானங்களுக்கு அதே வேலையைச் செய்யும் கைக்கடிகாரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்காவில், கருவிகளை நம்பிப் பறக்கும் ஐஎஃப்ஆர் பயணத்துக்கு, சுற்றும் நொடி முள்ளோ டிஜிட்டல் எண்ணோ உள்ள கடிகாரம் விமானத்திலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பலகைக் கடிகாரம் நின்றுபோன விமானத்தை, கையில் தங்க க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் உள்ள வாட்ச்) கட்டிய விமானியும் அங்கே ஐஎஃப்ஆரில் எடுத்துப் போக முடியாது.

கேள்வி: இவ்வளவு கணினி இருக்கும்போது நொடி எண்ணுவது எதற்கு? (பயிற்சி மாணவர்)

பதில்: நாலு இடத்தில் எண்ண வேண்டிவரும். உங்கள் தேர்விலும் இவை வரும், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் நேரக்கணக்கில் தரையிறங்கும் அணுகுமுறை. இறுதி அணுகல் புள்ளியைக் கடந்ததும் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டுகிறீர்கள். அங்கிருந்து ஓடுபாதை தெரியாவிட்டால் மேலேறிவிட வேண்டிய புள்ளி வரை 5 கடல்மைல் என்று வைத்துக்கொள்வோம். தரைவேகம் 90 நாட் (மணிக்கு 90 கடல்மைல்) என்றால் 3 நிமிடம் 20 நொடி. 120 நாட் என்றால் 2 நிமிடம் 30 நொடி. வரைபடத்தின் கீழே இந்த அட்டவணை இருக்கும். மாணவர்கள் தவறுவது, வேகமானி காட்டும் 90-ஐ அப்படியே அட்டவணையில் தேடுவதில். எதிர்க்காற்று 20 நாட் இருந்தால் தரைவேகம் 70 தான். 3 நிமிடம் 20 நொடியில் 3.9 மைல்தான் போயிருப்பீர்கள், ஓடுபாதை கண்ணில் படுமுன்பே திரும்பிவிடுவீர்கள். அதே 20 நாட் பின்காற்றாக இருந்தால் 6.1 மைல் போயிருப்பீர்கள், அதாவது மேலேறத் தொடங்க வேண்டிய இடத்தை ஒரு மைலுக்கு மேல் தாண்டியாகிவிட்டது. இரண்டாவது தவறில்தான் மலையும் கோபுரமும் குறுக்கே வரும்.

வாட்ச்சின் விலை இந்தக் கணக்கில் எங்கேயாவது வருகிறதா பாருங்கள். நாளுக்கு 6 நொடி பிசகும் மெக்கானிக்கல் வாட்ச் 3 நிமிடம் 20 நொடியில் பிசகுவது நொடியில் நூறில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. பொத்தானை 10 நொடி தாமதமாகத் தட்டினால் 90 நாட்டில் 460 மீட்டர் போச்சு. தட்டவே மறந்தால், கணக்கே இல்லை. வாட்ச்சைவிட விரல்தான் பழக வேண்டும்.

அடுத்தது, வானில் வட்டமடித்துக் காத்திருக்கும் ஹோல்டிங். காத்திருப்புப் புள்ளியை விட்டு விலகிப் பறக்கும் பகுதி, அதாவது வெளிச்செல்லும் கோடு, 14,000 அடி வரை 1 நிமிடம், அதற்கு மேல் ஒன்றரை நிமிடம். புள்ளிக்கு நேர் பக்கவாட்டில் வந்ததும், அல்லது வெளிச்செல்லும் திசைக்குத் திரும்பி முடித்ததும், இரண்டில் எது பிந்தியதோ அப்போது தட்ட வேண்டும். பாதித் திருப்பத்திலேயே தட்டிவிட்டு, சுற்று ஏன் சுருங்குகிறது என்று குழம்புவது வழக்கமான தவறு.

மூன்றாவது, திசைக் கருவி செத்துப்போனால் நேரம் எண்ணித் திரும்புவது. நிலையான திருப்பத்தில் விமானம் நொடிக்கு 3 பாகை திரும்பும்; 90 பாகைக்கு 30 நொடி, 180 பாகைக்கு ஒரு நிமிடம். காந்தத் திசைகாட்டி திருப்பத்தின்போது பொய் சொல்லும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. திருப்பக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்பதைத் தெளிவான வானிலையிலேயே ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள். 2 நிமிடம் வராவிட்டால் எவ்வளவு மாறுகிறது என்று குறித்து வையுங்கள்.

கடைசியாக எரிபொருள். இறக்கை கீழே உள்ள பல சிறு விமானங்களில் இடத் தொட்டி, வலத் தொட்டி என்று ஒன்றிலிருந்துதான் எடுக்க முடியும். இரண்டும் சேர்ந்து என்ற நிலை வால்வில் கிடையாது. அரை மணிக்கொரு தடவை மாற்றுவது வழக்கம். மறந்தால், ஒரு இறக்கை நிறைய எரிபொருள் இருக்கும்போதே எஞ்சின் நிற்கும். திரும்பத் திரும்ப 30 நிமிடம் எண்ணும் டைமர் உள்ள வாட்ச் இதற்காகவே மதிப்புப் பெறும். விலை உயர்ந்த மெக்கானிக்கல் க்ரோனோகிராஃப்பில் அந்த வசதியைத் தேடினாலும் கிடைக்காது.

கேள்வி: பிரைட்லிங் நேவிடைமர் போன்ற வாட்ச்களில் டயலைச் சுற்றிப் பொடிப்பொடியாக எண்கள் இருக்கின்றனவே, அவை எதற்கு?

பதில்: அது வட்ட வடிவக் கணக்கு அளவுகோல். 1952-இல் வந்த நேவிடைமரில் வெளி வளையம் சுற்றும், உள் வளையம் அசையாது. விமானிகள் பையில் வைத்திருந்த வட்டமான பறப்புக் கணக்கியைச் சுருக்கி டயலில் வைத்தார்கள்.

பயன்படுத்துவது எளிது. உள் வளையத்தில் 60-இல் ஒரு முக்கோணக் குறியோ வேறு அடையாளமோ இருக்கும். அது ஒரு மணி நேரத்தைக் குறிக்கிறது. வேகம் 120 நாட் என்றால் வெளி வளையத்தின் 12-ஐ அதற்கு நேரே கொண்டுவாருங்கள். போக வேண்டிய தூரம் 45 மைல் என்றால் வெளி வளையத்தில் 45-ஐப் பாருங்கள். அதற்கு நேர் கீழே உள்ளே 22.5 இருக்கும். இருபத்திரண்டரை நிமிடம். எரிபொருளுக்கும் இதே முறைதான்: மணிக்கு 36 லிட்டர் குடிக்கும் எஞ்சின் என்றால் வெளியே 36-ஐ 60-க்கு நேர் வைத்தால், மிச்சம் உள்ள 24 லிட்டருக்கு நேரே 40 நிமிடம் தெரியும்.

ஏமாற்றுவது தசமப்புள்ளி. அளவுகோலில் 12 என்பது 1.2 ஆகவும் இருக்கலாம், 120 ஆகவும் 1,200 ஆகவும் இருக்கலாம். விடை ஏறக்குறைய எவ்வளவு என்று மனதில் முதலில் பிடிபடாவிட்டால் நாலு நிமிடத்தை நாற்பது நிமிடமாகப் படித்துவிடுவீர்கள். ஏறக்குறைய விடை மனதிலேயே கிடைத்துவிட்டால் வளையம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. 120 நாட் என்றால் நிமிடத்துக்கு 2 மைல், 90 நாட் என்றால் ஒன்றரை மைல். அனுபவமுள்ள விமானிகள் இப்படித்தான் போடுகிறார்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளும், எத்தனை பாகை திருத்த வேண்டும் என்ற கணக்கை இந்த வளையம் செய்யவே செய்யாது. குலுங்கும் விமானத்தில் அந்த எழுத்தைப் படிப்பதும் எளிதல்ல. அழகான பொருள், அதில் சந்தேகமில்லை.

கேள்வி: ஜிஎம்டி வாட்ச் வாங்கினால் யூடிசி, உள்ளூர் நேரம் இரண்டும் தெரியும் என்கிறார்கள். சரிதானே?

பதில்: முழு மணி நேர வித்தியாசம் உள்ள நாட்டில் சரி. 1950-களில் பான் அமெரிக்கன் விமான நிறுவனத்தின் விமானிகளுடைய தேவையை ஒட்டி வந்த ரோலெக்ஸ் ஜிஎம்டி-மாஸ்டர், நாளுக்கு ஒரே சுற்று சுற்றும் நாலாவது முள்ளையும் 24 மணி வளையத்தையும் கொண்டது. அதற்குச் சற்று முன்பே கிளைசீன் ஏர்மேன் வாட்ச் வந்துவிட்டது. நல்ல யோசனைதான், ஆனால் நிமிட முள் ஒன்றுதான்.

இந்தியா, இலங்கை போல 5:30, நேபாளம் போல 5:45 என்று வித்தியாசம் வரும் இடங்களில் இடிப்பது அங்கேதான். உள்ளூர் நேரம் 14:50 என்றால் யூடிசி 09:20. நிமிட முள் 50-இல் நிற்கும். 24 மணி முள்ளை 9-க்கு வைத்திருந்தால் 09:50 என்று படிப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் அரை மணியைக் கழிக்க வேண்டும், களைத்திருக்கும்போது அதுதான் மறக்கும்.

இன்னொரு பொறி தேதி. காலை 04:30-க்குக் கிளம்பினால், 5:30 வித்தியாசத்தில், யூடிசிப்படி முந்தின நாள் 23:00. வாட்ச்சின் தேதிக் கட்டம் உள்ளூர்த் தேதியைத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயணத் திட்டத்தில் எழுதினால் ஒரு நாள் பிசகும்.

எங்கள் யோசனை: கையில் உள்ள வாட்ச் முழுக்க யூடிசி, 24 மணி வடிவம். உள்ளூர் நேரத்தைக் கைபேசி சொல்லட்டும். வானிலை அறிக்கை, பயணத் திட்டம் எல்லாம் யூடிசியில்தான் வருகின்றன. மனதில் மாற்றிப் போடும் வேலையே மிச்சம்.

கேள்வி: அப்படியானால் இந்த விமானி வாட்ச் என்ற வகையே விளம்பரத்துக்காகக் கட்டிய கதையா?

பதில்: இல்லை, ஒரு காலத்தில் உயிர் அதில்தான் இருந்தது. கைகள் இரண்டும் ஆகாயக் கப்பலை ஓட்டிக்கொண்டிருக்க, சட்டைப்பையிலிருந்து கடிகாரம் எடுக்க முடியவில்லை என்று பறப்பு முன்னோடி ஆல்பெர்டோ சாண்டோஸ்-டுமோன் சொன்னதற்காக 1904-இல் லூயி கார்ட்டியே அவருக்கு மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் செய்து கொடுத்தார். பிறகு கடலுக்கு மேல் நீண்ட தூரம் பறக்கத் தொடங்கியதும் சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து இருப்பிடம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பூமி 4 நொடியில் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவு சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அது ஒரு கடல்மைல். கடிகாரம் 20 நொடி பிசகினால் நீங்கள் இருப்பதாக நினைக்கும் இடம் 5 மைல் தள்ளிப் போய்விடும். தீவைத் தேடிப் பறப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

அதனால்தான் அமெரிக்கக் கடற்படை அதிகாரி வீம்ஸ், வானொலி நேரக் குறிப்பைக் கேட்டபடியே, ஓடும் கடிகாரத்தை நிறுத்தாமல் நொடி வட்டத்தை மட்டும் திருப்பிச் சரிசெய்யும் வாட்ச்சை வடிவமைத்தார். அட்லாண்டிக்கைத் தனியே தாண்டிய விமானி லிண்ட்பெர்க் யோசனையில் லாஞ்சீன் நிறுவனம் 1931-இல், இருப்பிடக் கணக்குக்கு வேண்டிய மணிக்கோணத்தைக் காட்டும் வாட்ச்சைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப் படை பயன்படுத்திய வாட்ச் 55 மில்லிமீட்டர் அகலம். லாங்கே, வெம்பே, லாகோ, ஸ்டோவா, ஐடபிள்யூசி ஆகிய ஐந்து நிறுவனங்களும் செய்தன. தடித்த குளிர்ச்சட்டையின் மேலேயே கட்ட நீண்ட தோல்பட்டை, கையுறையோடு திருகப் பெரிய திருகி. அதைக் கட்டியது பெரும்பாலும் வழிகாட்டும் அதிகாரி, விமானி அல்ல. அந்த டயல்தான் இன்றும் விமானி வாட்ச் என்று விற்கப்படுகிறது. அதன் வேலையை ஜிபிஎஸ் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

கேள்வி: ஆபத்தில் கைக்கடிகாரம் கைகொடுத்த சம்பவம் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, விண்கலத்தில். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கருவிகளை அணைத்திருந்தபோது, பாதையைத் திருத்த 14 நொடி எஞ்சினை இயக்க வேண்டியிருந்தது. விண்வெளி வீரர் ஜாக் ஸ்விகெர்ட் தன் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச்சில் நேரம் பார்த்துச் சொன்னார். அந்த மாடல் பிறந்தது கார் பந்தயத்துக்காக.

கேள்வி: குவார்ட்ஸா, மெக்கானிக்கலா?

பதில்: வேலைக்கு என்றால் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்கு 15 முதல் 30 நொடி வரை பிசகும். துல்லியச் சான்றிதழ் பெற்ற சுவிஸ் மெக்கானிக்கல் வாட்ச்சுக்கு (க்ரோனோமீட்டர்) அனுமதிக்கப்பட்ட பிசகு நாளுக்கு 4 நொடி பின்தங்கல் முதல் 6 நொடி முந்தல் வரை. மாதத்தில் அது மூன்று நிமிடம் வரை போகலாம்.

காந்தமும் ஒரு தொல்லை. டேப்லெட் உறை, ஹெட்செட், கைபேசி ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. மெக்கானிக்கல் வாட்ச்சின் மெல்லிய சுருள்வில்லில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடும். சந்தேகம் வந்தால் சின்னத் திசைகாட்டியைப் பக்கத்தில் வையுங்கள், காந்தம் ஏறியிருந்தால் அதன் முள் துடிக்கும். காந்தம் நீக்கும் கருவியில் ஒரு நிமிட வேலைதான், பிரித்து சர்வீஸ் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். முள் உள்ள குவார்ட்ஸ், காந்தத்தின் பக்கத்தில் நின்றுபோய், எடுத்ததும் மறுபடி ஓடும். கெட்டுப்போகாது, ஆனால் நின்ற நேரம் நின்றதுதான். டேப்லெட் மேல் வாட்ச்சைக் கழற்றி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கட்டுமுன் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

நொடி முள் இரண்டிரண்டாகவோ நாலு நாலாகவோ தாவ ஆரம்பித்தால் பேட்டரி முடியப்போகிறது என்று அர்த்தம்.

கேள்வி: உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் வாட்ச் கண்ணாடி கழன்று வருமா?

பதில்: வராது. பயணிகள் விமானத்தின் உள்ளே அழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமான அளவுக்குக் கீழே இறங்காதபடி வைக்கப்படுகிறது. தரையில் உள்ளதில் முக்கால் பங்கு. திடீரென்று அழுத்தம் போனால், அழுத்திப் பொருத்திய பழைய பிளாஸ்டிக் கண்ணாடிக்கு மட்டும் ஆபத்து. ஜெர்மனியின் டின் 8330 தரத்தில் இதையும் சோதிக்கிறார்கள். பிடித்திருந்தால் அந்த முத்திரை உள்ளதை வாங்கலாம்.

கேள்வி: ஸ்மார்ட்வாட்ச் எப்படி? கார்மின் டி2 போல விமானிகளுக்கென்றே வருகிறதே.

பதில்: இந்தப் பட்டியலில் விலைக்குத் தகுந்த வேலை செய்வது அதுதான், ஆனால் மூன்று விஷயம் தெரிந்து கட்டுங்கள்.

அதன் உயரமானி காற்றழுத்தத்தைத்தான் அளக்கிறது. விமானம் 36,000 அடியில் போகும்போது 7,000 என்று காட்டினால் பழுதல்ல. அது விமானத்தின் உள்ளே உள்ள அழுத்தத்தின் உயரம். அதில்தான் பயனும் இருக்கிறது. அழுத்தமூட்டிய சிறு விமானத்தில் 10,000 அடிக்கு அதிர்வு எச்சரிக்கை வைத்துவிட்டால், உள்ளே காற்றழுத்தம் மெல்லக் கசிவது தெரிந்துவிடும். மூளை மந்தமாவது நமக்கே தெரியாது, ஆகவே மணிக்கட்டில் ஒரு உதறல் நல்லது. ரத்த ஆக்சிஜன் எண்ணை அவ்வளவு நம்பாதீர்கள். கை குளிர்ந்திருந்தாலும் ஆடினாலும் தவறும்.

அடுத்து, வானிலைத் தகவல் கைபேசி வழியாக வருகிறது. மேலே போனதும் தொடர்பு அறுந்து, பழைய அறிக்கையே திரையில் நிற்கும். வெளியான நேரத்தைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

மூன்றாவது, செய்தி அறிவிப்புகள். கட்டும்போதே அணையுங்கள். 10,000 அடிக்குக் கீழே பறப்புக்குச் சம்பந்தமில்லாத எதுவும் விமானி அறையில் நடக்கக் கூடாது என்பது அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு 1981 முதல் சட்டம். தரையிறங்கும் நேரத்தில் வாழ்த்துச் செய்தி வந்து கை அதிர்ந்தால் கண் தானாக அங்கே போகும்.

கேள்வி: அடுத்த மாதம் பயிற்சியில் சேர்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: 24 மணி வடிவம், இரண்டு நேரம், ஸ்டாப்வாட்ச், திரும்ப ஓடும் டைமர் உள்ள டிஜிட்டல் வாட்ச். கடையில் வைத்தே ஒரு கையால் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, நிறுத்தி, பூஜ்யமாக்கிப் பாருங்கள். நாலு தடவை அழுத்தினால்தான் அந்தப் பக்கம் வருகிறது என்றால் வேண்டாம்.

கடைக்காரர் சொல்லாத சில விஷயங்களும் உண்டு. ஹெட்செட் மாட்டியபின் வாட்ச்சின் பீப் ஒலி காதில் விழவே விழாது. டைமரை நம்புவதாக இருந்தால் அதிர்வு உள்ளதை வாங்குங்கள். போலராய்டு குளிர்க்கண்ணாடி போட்டால் சில டிஜிட்டல் திரைகள் ஒரு கோணத்தில் முழுக்கக் கறுத்துவிடும்; குளிர்க்கண்ணாடியோடு போய்ச் சோதியுங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்துள்ள தலைகீழ்த் திரை கடையில் அழகு, மாலை வெளிச்சத்தில் படிக்க முடியாது. விளக்கு ஒன்றரை நொடியில் அணையும் மாடலும் இரவுப் பறப்புக்கு ஆகாது. முள் உள்ளது வேண்டுமானால் ட்ரிடியம் குழாய் பதித்தது இரவெல்லாம் தானே ஒளிரும். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் மெல்ல மங்கும்.

முகப்பை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துக் கட்டிப் பாருங்கள். கட்டுப்பாட்டைப் பிடித்த கையைத் திருப்பாமலே நேரம் தெரியும். நைலான் பட்டை என்றால் சட்டைக் கை மேலேயும் கட்டலாம். கிளம்புமுன் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து நொடியைச் சரிசெய்யுங்கள். இது எஞ்சின் சோதனைப் பட்டியலோடு சேர்ந்துவிட வேண்டிய பழக்கம்.

கேள்வி: அண்ணன் மகள் வணிக விமானி உரிமம் வாங்கப் போகிறாள். சித்தப்பா என்ற முறையில் நல்ல வாட்ச் ஒன்று பரிசளிக்கலாம் என்றிருக்கிறேன். எது வாங்கட்டும்?

பதில்: அவளிடம் இரைச்சல் நீக்கும் ஹெட்செட் இருக்கிறதா என்று முதலில் அண்ணியிடம் விசாரியுங்கள். இல்லையென்றால் பணத்தை அதில் போடுங்கள். சிறு விமானத்தின் எஞ்சின் இரைச்சல் காதைக் கெடுக்கும், கெட்ட காது திரும்பாது, மருத்துவத் தகுதிச் சோதனையில் செவியும் உண்டு. ஹெட்செட் இருக்கிறது, ஆசைக்கு வாட்ச்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள், பின்பக்கம் உரிமம் கிடைத்த தேதியைப் பொறித்துக் கொடுங்கள். வேலைக்குப் போகும்போது அவள் பிளாஸ்டிக் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போனால் மட்டும் வருத்தப்படாதீர்கள்.